லீலா துபே சொல்லும் ‘விருந்தாளி மகள்’ நம் வீட்டில் உண்டா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025 (தில்லி கரோல்பாக்கிலிருந்து ஒரு வாசகர்)

மகளின் கல்லூரிப் பாடத்தில் மானிடவியலாளர் லீலா துபேயின் கட்டுரை ஒன்று இருக்கிறது. பெண் குழந்தையைப் பிறந்த வீட்டில் விருந்தாளி மாதிரியே வளர்க்கிறார்கள், என்றைக்காவது கிளம்பப் போகிறவள் என்பதைப் பாட்டிலும் சடங்கிலும் சாப்பாட்டிலும் ஏற்றிவிடுகிறார்கள் என்கிறார். வடக்கத்தியருக்கு இது சரி. ஊர் விட்டு ஊர், முகம் தெரியாத இடத்தில் பெண் கொடுப்பவர்கள். நாம் மாமன் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் கொடுத்தவர்கள். நமக்கு இதில் என்ன இருக்கிறது?

3 ஆகஸ்ட், இரவு

ஒன்றும் இல்லை என்பதே என் பதில். 1997இல் வந்த அவருடைய நூலின் வாதம் அது. அதற்கு வெகுமுன்பே, 1953இல், இன்னொரு மானிடவியலாளர் ஐராவதி கர்வே இந்திய உறவுமுறையை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என்று நான்கு மண்டலமாகப் பிரித்துக் காட்டிவிட்டார். தெற்கில் கல்யாணம் என்றால் பழைய முடிச்சையே இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்குவது.

என் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் அம்மாவின் கடைசித் தம்பியைக் கட்டிக்கொண்டாள். முதல் நாளும் மாமா, மறுநாளும் மாமா. எனக்கும் அவர் அப்படியே மாமா. மாமியார் யார் என்றால் எங்கள் ஆயா, அம்மாவைப் பெற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா தண்ணீர் பிடிக்கும் குழாய்கூட மாறவில்லை. இதில் விருந்தாளி யார்?

4 ஆகஸ்ட்

நூலகத்தில் வேலை செய்கிறவன் ஆண்டைத் தப்பாகச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். கேள்வி கேட்டவர் சொன்ன கட்டுரை 1988இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழில் வந்தது. 1997இல் வந்தது தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் ஒப்பிடும் நூல். இரண்டையும் குழப்பிவிட்டேன்.

இன்னொன்றும் திருத்த வேண்டும். அவர் வடக்கை மட்டும் அறிந்தவர் என்ற தொனி என் பதிலில் இருந்தது. அது அநியாயம். லட்சத்தீவின் கல்பேனித் தீவில் தாய்வழி முஸ்லிம் குடும்பங்களை ஆராய்ந்து 1969இல் நூல் எழுதியவர் லீலா துபே. அங்கே கணவன் இரவில் மனைவி வீட்டுக்கு வந்து காலையில் தன் தாய்வீட்டுக்குத் திரும்புவான். விருந்தாளி என்றால் அவன்தான். அதை நேரில் பார்த்தவர், மகள் விருந்தாளியாவது இயற்கை என்று எப்படி எழுதுவார்? 1988 கட்டுரையிலும் தெற்கு இருக்கிறது. பெண் வயதுக்கு வருவதை வடக்கு மூடி மறைக்கிறது, தெற்கு ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிறது என்று எழுதியிருக்கிறார்.

கூட்டிக் கொண்டாடினோம். 1984இல், அக்கா வயதுக்கு வந்தபோது, தில்லி ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்புக்குப் பின்னால் எங்கள் ஜுக்கியில், அதாவது குடிசையில். பச்சை ஓலைக் குடிசை கட்ட வேண்டியவன் தாய்மாமன். தில்லியில் தென்னை ஓலைக்கு எங்கே போவது? மாமா அசோக மரத்துக் கிளைகளை வெட்டிவந்து சார்த்தினார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. எதிர் ஜுக்கியின் பிஹார்க்கார அம்மாள் கல்யாணம் என்று நினைத்து ஐந்து ரூபாய் மொய் கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கொடுத்த ஐந்து ரூபாயைத் திரும்பக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாளாம்.

4 ஆகஸ்ட், சிறிது நேரம் கழித்து

“நின்றாளாம்” என்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். சரிதான். எனக்கு அப்போது மூன்று வயது. அசோகக் கிளையும் ஐந்து ரூபாயும் அம்மா சொல்லிச் சொல்லி என் நினைவாகிவிட்டவை.

9 ஆகஸ்ட்

இந்த இழையை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அது தப்பாகப் போயிற்று.

முதல் ஆட்சேபம்: அசோக மரம் இல்லை, நாவல் மரம். கிளையை வெட்டியதற்கு மாமாவைத் தோட்டக்காரர் துரத்தியது வரை அவளுக்கு நினைவிருக்கிறது. இரண்டாவது: குழாய் மாறவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று உனக்குத் தெரியுமா என்றாள். எனக்குத் தெரியவில்லை. விடியற்காலை நான்கரை.

பிறகு அவளாகவே சொன்னாள். “அந்த அம்மாள் எழுதியது சரி. விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்பலாம் அல்லவா? நான் எங்கே கிளம்பினேன்?”

மூன்றாம் தேதி நான் எழுதிய பதிலை அழிக்க நினைத்தேன். கிடக்கட்டும்.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியதற்கு மேல் கொஞ்சம்.

அம்மா கோட்டி வேலைக்குப் போனவர். பெரிய வீடுகளில் பாத்திரம், துணி, குழந்தை பார்ப்பது எல்லாவற்றையும் நாங்கள் கோட்டி வேலை என்றே சொல்வோம். மூன்று வீடு. அதில் ஒரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்துத் தூங்கவைக்கும் பொறுப்பு. அந்த நேரத்தில் நான் அக்காவின் இடுப்பில். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். அவள் என்னைச் சுமக்கத் தொடங்கியபோது அவளுக்கே பத்து.

எனக்காக அக்கா பள்ளியை விட்டாள் என்பது எங்கள் வீட்டுப் புராணம். நானும் அதை நான்கு பேரிடம் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். நேற்று அதையும் உடைத்துவிட்டாள். அவள் விடவில்லையாம். கைக்குழந்தையாக இருந்த என்னைப் பள்ளிக்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். கடைசி வரிசையில் சாக்குப் பையை விரித்துக் கிடத்திவிட்டு, காலால் ஆட்டிக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறாள். டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாராம். ஒரு பருவம் முழுக்க இப்படி ஓடியது. “நீ கிடந்தவரை நான் படித்தேன். நீ நடக்க ஆரம்பித்தாய், கரும்பலகை துடைக்கிற டஸ்டரை எடுத்து வாயில் வைத்தாய், மூன்றாம் நாள் என் பெயரை அடித்துவிட்டார்கள்.”

என் முதல் நடைக்கு அம்மா கொழுக்கட்டை செய்தது தெரியும். அந்த நடையின் மறுபக்கம் நாற்பத்துமூன்று வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது.

11 ஆகஸ்ட்

“உங்கள் அம்மாவைக் குற்றவாளியாக்காதீர்கள்” என்று ஒருவர். ஆக்கவில்லை. அப்பாவும் அதே ஜுக்கியில்தான் இருந்தார் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அவருக்கு இரவு வேலை, பகலில் தூங்குவார். குழந்தை அழுதால் “அக்காவிடம் கொடு” என்பார். எல்லோருக்கும் அவள் அக்காதான். அப்பாவுக்கும்.

13 ஆகஸ்ட்

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் இன்றைக்கு இது நடக்காது என்கிறார். 2009 கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, 6 முதல் 14 வரை பள்ளியில் இருந்தாக வேண்டும், 14 வயதுக்குக் கீழ் வேலை வாங்கினால் குற்றம். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

13 ஆகஸ்ட், இரவு

பட்டது தப்பு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தை எடுத்துப் பார்த்தேன். 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அபாயகரமான வேலையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தம்பியைத் தூக்கிவைத்திருப்பதை இதற்குள் அடக்கிவிடலாம். அதை யாரும் வேலை என்று சொன்னால்தானே அடக்குகிற பேச்சே வரும்.

இன்னொரு வேடிக்கை. 2019இல் தேசிய அளவில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. இந்த எண்கள் பத்திரிகைகளில் வந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தது வேறொரு வரியை: கணக்கெடுப்பு 6 வயதிலிருந்து தொடங்குகிறது. ஆறு வயதுப் பிள்ளையிடமும் உன் நாள் எப்படிப் போயிற்று என்று கேட்க வேண்டும் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.

16 ஆகஸ்ட்

குழந்தைக் காப்பகம் அந்தக் காலத்தில் இல்லையா என்று கேட்டவருக்கு: இருந்தது. இந்தத் தில்லியிலேயே, 1969இல், ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்த இடத்தில் மண்ணிலும் வெயிலிலும் கிடந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு மீரா மகாதேவன் தொடங்கியதுதான் மொபைல் கிரெஷஸ். கட்டடம் எழும்பும் இடத்திலேயே காப்பகம், வேலை முடிந்தால் அதுவும் அடுத்த இடத்துக்குப் பெயரும். பிறகு 1996 கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது.

இப்போது எங்கள் ஜுக்கி வரிசையைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஐம்பது பெண்கள் கிளம்பினால் ஐம்பது வீட்டுக்குப் போவார்கள். ஒரு கூரைக்கு ஒருத்தி. எந்தச் சட்டத்தின் விரலில் எண்ணினாலும் கணக்கு ஒன்றைத் தாண்டாது. குழந்தைகள் மட்டும் ஒரே இடத்தில், ஐம்பது அக்காக்களிடம்.

17 ஆகஸ்ட்

முனிர்க்காவில் இருக்கும் தமிழாசிரியர் ஒருவர் எழுதியது இந்த இழையிலேயே சிறந்தது. சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தோழி யார்? செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விட்டோம். அவர் கேட்கிறார்: செவிலி தலைவிக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய சொந்த மகளை யார் வைத்திருந்தார்கள்? அந்த மகளும் வளர்ந்து தலைவிக்கே ஊழியம். தோழியின் காதலைப் பற்றி ஏன் யாரும் பாடவில்லை?

பாடியிருக்கலாம், கிடைக்காமல் போயிருக்கலாம் என்று வாதாட நினைத்தேன். மனம் வரவில்லை. அம்மா பள்ளி விடுமுறைகளில் அக்காவையும் கோட்டிக்குக் கூட்டிப் போவார். அந்த வீட்டுக் குழந்தைக்கு விளையாட்டுத் துணை என்று பெயர்.

19 ஆகஸ்ட்

வெளிநாட்டு அறிஞர் யாரும் இல்லையா என்று ஒருவருக்குக் குறை. ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற அமெரிக்க சமூகவியலாளர் 2000இல் உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி என்றொரு கருத்தை முன்வைத்தார். பணக்கார நாட்டுக் குழந்தையைப் பார்க்க ஏழை நாட்டுத் தாய் போகிறாள், அவள் குழந்தையைப் பார்க்க அதைவிட ஏழைத் தாய் வருகிறாள். இந்தச் சங்கிலி மேலிருந்து கீழே இறங்குவதாகவே நான் வகுப்புக் குறிப்புகளில் பார்த்திருந்தேன். அவர் தரும் உதாரணத்தை முழுக்கப் படித்தால் முதல் கண்ணியே ஏழை வீட்டு மூத்த மகள், தம்பி தங்கைகளை வைத்துக்கொண்டிருப்பவள். மற்ற இரண்டு பேருக்கும் சம்பளம் உண்டு.

அக்காவிடம் சொன்னேன். “எனக்கும் உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி பாவாடை” என்றாள்.

20 ஆகஸ்ட்

ஆயா என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்னச் சண்டை நடந்திருக்கிறது. அங்கன்வாடி ஆயாவும் எங்கள் வீட்டு ஆயாவும் ஒரே சொல் என்கிறார் ஒருவர். இல்லை. குழந்தை பார்க்கும் ஆயா போர்த்துகீசியரிடமிருந்து வந்தவள். விழுப்புரம் பக்கத்தில் பாட்டியைச் சொல்லும் ஆயா, ஆய் என்னும் பழந்தமிழ்த் தாய்ச் சொல்லின் வழி வந்தவள். இரண்டு வழியாக வந்து ஒரே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். காரணம் கேட்காதீர்கள்.

24 ஆகஸ்ட்

ஒரு நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார். “அக்கா, சித்தி, மாமா என்று அக்கம்பக்கமே உறவாக இருந்ததால்தான் நாம் பிழைத்தோம். அதைப் போய்ச் சுரண்டல் என்கிறீர்களே.” சுரண்டல் என்ற சொல்லை நான் எழுதவில்லை, தேடிப் பார்க்கவும். ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த மாதம் எனக்குச் சோறு ஊட்டியது சேலத்துக்கார சித்தி. ரத்த உறவு எதுவும் இல்லை. அவர் வீட்டு அடுப்பில் எப்போதும் கருகிய கடுகு வாசனை. அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றும் பசிக்கும்.

அந்த உறவு எவ்வளவு மெல்லியது என்பதையும் இந்த வருஷம் பார்த்தோம். தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான ஜங்புராவின் மதராசி கேம்ப் ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டும் தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு. நரேலா எங்கே, ஜங்புரா எங்கே. கோட்டி வேலை தெற்குத் தில்லியில், படிக்கிற தமிழ்ப் பள்ளி லோதி எஸ்டேட்டில். வீட்டுக்குப் பதில் வீடு என்று கணக்கு முடிந்துவிட்டது. சேலத்துச் சித்திக்குப் பதில் யார் என்று எந்தப் படிவத்திலும் பத்தி இல்லை. தாய் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிற வீட்டில், சித்தியும் பக்கத்தில் இல்லாதபோது, பிள்ளை யார் கையில் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டாம்.

25 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட கரோல்பாக் நண்பரின் மகளே எழுதியிருக்கிறாள். கேட்டது ஒன்றுதான்: “உங்கள் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்ததா?”

நடக்கவில்லை. 2004இல் தாய்மாமன் முறையில் சீர் கொண்டுபோக வேண்டியவன் நான். புடவை, வளையல் எல்லாம் வாங்கியாயிற்று. வேண்டாம் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். ஆயாவுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் உளுந்தங்களியைக் கிண்டிச் சாத்திய கதவுக்கு வெளியே வைத்தாள். புடவையை அவளே கட்டிக்கொண்டாள். மகள் இப்போது புணேயில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், தீபாவளிக்கு வருவாள், மூன்றாம் நாள் கிளம்புவாள்.

விருந்தாளிபோல என்று எழுதவந்து நிறுத்தினேன். துபேயின் விருந்தாளி அனுப்பப்படுகிறவள். இவள் டிக்கெட்டைத் தானே போடுகிறாள்.

31 ஆகஸ்ட், மாலை

ஆயாவுக்குத் தொண்ணூறு வயது. 1994இலிருந்து அக்காவோடுதான். மாமியாரைப் பார்க்கிறாளா, பாட்டியைப் பார்க்கிறாளா என்று கேட்டால் முறைப்படி இரண்டுக்கும் ஆமாம். முறை இருப்பதால் விடுப்பும் இல்லை. முன்பெல்லாம் எங்கள் பக்கத்து முறையின் அழகு என்று இதை மேடை போட்டுப் பேசியிருப்பேன்.

இன்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எங்கேயாவது போய் வா என்று சொன்னேன். எங்கே போவது என்று கேட்டாள். மலைக் கோயிலுக்கு என்றேன். கோயிலுக்குப் போனால் அங்கேயும் யாருக்காவது வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, சொல்லாமல் எங்கேயோ கிளம்பிப் போயிருக்கிறாள்.

மூன்று மணிக்குப் போன் வந்தது: மாத்திரை நீல டப்பாவில். நான்கு மணிக்கு: வலப்பக்கம் படுக்க வைக்காதே, வலிக்கும். ஐந்தே காலுக்கு: சீப்பு எங்கே என்று கேட்டால் தலையணைக்கு அடியில். மூன்றையும் நான் அதற்கு முன்பே தப்பாகச் செய்து முடித்திருந்தேன். ஆயா என்னைப் பார்த்து இரண்டு முறை “அவள் எங்கே” என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை.

மணி ஏழு. அதற்குப் பிறகு போன் வரவில்லை. கஞ்சியைச் சுட வைக்க வேண்டும். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.